கோழித் தீவனத்தில் எது இல்லை?

கோழி ஒன்று கால் தள்ளாடி விழுந்தால் நம்மில் பெரும்பாலோர் முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான். வெள்ளைக்கழிச்சலாக இருக்குமோ என்று பயப்படுகிறோம், பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம், யாரோ சொன்ன பொடியைத் தண்ணீரில் கலக்கி வைக்கிறோம். பயம் நியாயமானதுதான். வெள்ளைக்கழிச்சல் சில நாட்களில் கொட்டகையையே காலி செய்துவிடும், அதற்குத் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். ஆனால் "எந்தக் கிருமி வந்தது" என்று கேட்கிற அதே வேகத்தில் "தீவனத்தில் எது இல்லை" என்று நாம் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க மனிதர்களுக்கே ரொம்பக் காலம் பிடித்தது, அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததும் கோழிகள்தான் என்பதால் கதையை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இன்றைய ஜகார்த்தாவுக்கு அன்று பட்டாவியா என்று பெயர், டச்சுக்காரர்களின் ஆட்சி. அங்கே சிப்பாய்களும் சிறைக் கைதிகளும் பெரிபெரி நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். கால் மரத்துப்போகும், வீங்கும், நடை போய்விடும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். பாஸ்டரும் கோக்கும் வரிசையாகக் கிருமிகளைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது, அதனால் இதுவும் கிருமி வேலைதான் என்று எல்லாரும் நம்பினார்கள். காரணம் கண்டுபிடிக்க டச்சு அரசு 1886-ல் ஒரு குழுவை அனுப்பியது. குழு ஊர் திரும்பிய பிறகும் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற இளம் மருத்துவர் அங்கேயே தங்கி, ராணுவ மருத்துவமனையை ஒட்டிய சின்ன ஆய்வகத்தில் வேலையைத் தொடர்ந்தார்.

அவர் கோழிகளுக்கு நோயை ஏற்றிப் பார்த்தார். ஏற்றிய கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன, சரி. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க என்று ஒன்றும் செய்யாமல் தனியாக வைத்திருந்த கோழிகளும் அதே மாதிரி விழுந்தன. ஒட்டுவாரொட்டி நோயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, நவம்பர் கடைசியில் எல்லாக் கோழிகளுக்கும் தானாகவே குணமாகிவிட்டது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. செலவை மிச்சப்படுத்த ஆய்வக ஆள் சில மாதங்களாக மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். அப்புறம் சமையல்காரர் மாறினார். புதிதாக வந்தவர், பட்டாளத்துச் சோற்றைப் பட்டாளத்தில் இல்லாத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பழையபடி தீட்டாத அரிசி போட ஆரம்பித்ததும் கோழிகள் எழுந்து நடந்தன.

எய்க்மானும் சட்டென்று சரியான முடிவுக்கு வந்துவிடவில்லை. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றுதான் நினைத்தார். "ஒன்று இருப்பதால்" நோய் வரும் என்பது மனதுக்கு எளிதாகப் பிடிபடுகிறது, "ஒன்று இல்லாததால்" நோய் வரும் என்பது பிடிபடுவதில்லை. அவருக்குப் பின் அதே ஆய்வகத்தில் வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901-ல் நஞ்சு எதுவும் இல்லை, தீட்டிய அரிசியில் உடம்புக்கு வேண்டிய ஒரு பொருள் குறைகிறது என்று தெளிவாகச் சொன்னார். 1929 நோபல் பரிசில் எய்க்மானுக்குப் பங்கு கிடைத்தது, கிரைன்ஸுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பொருளைத்தான் இன்று தயமின், வைட்டமின் பி1 என்கிறோம். 1926-ல் யான்சனும் டோனாத்தும் அதே பட்டாவியாவில் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். எந்தச் சாற்றில் சத்து இருக்கிறது என்று சோதிக்க அவர்கள் பயன்படுத்தியது சில்லை இனத்துச் சின்னக் குருவிகளை.

கோழியில் பார்த்தது மனிதருக்கும் பொருந்துமா என்று அங்கே மருத்துவ அதிகாரியாக இருந்த அடோல்ஃப் ஃபோர்டர்மான் ஜாவா சிறைகளில் கணக்கெடுத்தார். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரியில் விழுந்திருந்தார், தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர். இதில் நம்மவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மலாயாவில் மருத்துவராக இருந்த பிராடன், சீனத் தொழிலாளர்களைக் கொத்துக்கொத்தாக வாரிக்கொண்டு போன பெரிபெரி அதே நாட்டில் உழைத்த தமிழர்களை ஏன் தொடவில்லை என்று கேட்டார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். பிற்பாடு மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் நம் குன்னூரில் உட்கார்ந்துகொண்டு புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டு இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அன்று அங்கே தொடங்கிய வேலைதான் ஹைதராபாத்துக்குப் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

இதே போன்ற இன்னொரு கதை கோபன்ஹேகனில். 1929-ல் ஹென்ரிக் டாம் என்ற டென்மார்க் விஞ்ஞானி, கோழிக்குஞ்சுகள் கொலஸ்ட்ராலைத் தாங்களே உடம்பில் தயாரிக்கின்றனவா என்று பார்க்க, கொழுப்பை முழுக்க எடுத்துவிட்ட தீவனம் கொடுத்தார். குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கட்டியது, லேசாக அடிபட்டாலும் ரத்தம் நிற்கவில்லை. அன்று தெரிந்திருந்த வைட்டமின் எதைக் கொடுத்தும் கேட்கவில்லை. ரத்தம் உறைவதற்குத் தனியாக ஒரு சத்து இருக்கிறது என்று உறுதிசெய்து, உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தை வைத்து 1935-ல் வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். இன்று பிரசவ அறையில் குழந்தை பிறந்ததும் தொடையில் போடும் அந்தச் சின்ன ஊசி இதுதான். அந்த ஊசிக்குப் பின்னால் ரத்தம் கசிந்து செத்த கோழிக்குஞ்சுகள் இருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொஞ்சம் கனத்துவிடும்.

வைட்டமின் டி-யும் அப்படித்தான். 1920-களுக்கு முன்னால் குளிர்நாடுகளில் குஞ்சுகளைக் கட்டடத்துக்குள் அடைத்து வளர்த்தால் கால் வளைந்து விழுந்துவிடும். மீன் எண்ணெயோ வெயிலோ இருந்தால் விழாது என்று தெரிந்த பிறகுதான் கோழிகளை வருஷம் முழுக்கக் கூரைக்கடியில் வைக்க முடிந்தது. நாமக்கல்லில் நீளநீளமாக நிற்கிற கொட்டகைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம்.

சரி, வைட்டமின் எல்லாம் மில்லிகிராம் கணக்கு. தீவனச் செலவில் பெரும்பகுதியைத் தின்பது மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். ஒன்று மாவுச்சத்துக்கு, மற்றது புரதத்துக்கு. இங்கேதான் புறக்கடையில் பத்துக் கோழி வைத்திருப்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். "புரதம் 20 சதவீதம்" என்று ஒரு எண்ணைக் கேட்டதும் எல்லாப் புரதமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த கதம்பம். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று ஒரு வரிசை வைத்துக் கட்டும்போது மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால் கூடை நிறைய மல்லிகை இருந்தும் சரம் நீளாது. மக்காச்சோளம், சோயா சேர்ந்த தீவனத்தில் முதலில் தீர்ந்துபோகிற மரிக்கொழுந்து மெத்தியோனின். அடுத்தது லைசின். இறகில் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் நிறைய இருக்கின்றன, அதனால் மெத்தியோனின் குறைந்தால் வளர்ச்சி நிற்பதோடு இறகும் ஒழுங்காக முளைக்காது, ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும் பழக்கமும் கூடும். தொழிற்சாலையில் தயாரித்த மெத்தியோனின் தூளை 100 கிலோ தீவனத்துக்கு நூற்றுச் சொச்சம் கிராம் சேர்த்தால் போதும், மொத்தப் புரதத்தைக் கொஞ்சம் குறைத்தும்கூட அதே முட்டை கிடைக்கும். மிஞ்சிப்போன மல்லிகை வீண்தானே, அது எச்சத்தில் யூரிக் அமிலமாக வெளியேறி, அமோனியாவாக மாறி, கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும்.

தொட்டித் தண்ணீரில் மிதந்து வளர்கிற சின்னச் செடியான அசோலாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோக்களில் அதை ஏதோ அமிர்தம் மாதிரி காட்டுகிறார்கள். அசோலாவில் 25 சதவீதம் வரை புரதம் என்பது உண்மை, ஆனால் அது காய்ந்த எடைக்குச் சொல்கிற கணக்கு. தொட்டியிலிருந்து அள்ளுகிற அசோலாவில் 93, 94 சதவீதம் தண்ணீர். 100 கிராம் பச்சை அசோலாவைக் கோழி முழுசாகத் தின்றாலும் உள்ளே போவது ஆறேழு கிராம் காய்ந்த பொருள், அதில் புரதம் ஒன்றரை கிராம். முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு 17, 18 கிராம் புரதம் வேண்டும். பச்சைக்காக, மஞ்சள் கருவின் நிறத்துக்காக, கோழி கொறித்துக்கொண்டிருப்பதற்காகப் போடுங்கள், நல்லதுதான். அதை நம்பித் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தால் முட்டையும் பாதியாகும். எடை மெலிந்த கோழியைப் பார்த்தும் "அசோலா போடுறோமே" என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

முட்டை ஓடுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஒரு ஓட்டில் 2 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கால்சியம் இருக்கிறது. கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருப்பது ஏறத்தாழ 20 கிராம். அதாவது தன் எலும்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சமமான கால்சியத்தை அது ஒவ்வொரு முட்டையோடும் வெளியே அனுப்புகிறது. தின்றதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது, பாதிதான் சேரும் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 4 கிராம் அளவுக்குத் தீவனத்தில் இருக்க வேண்டும், நாளைக்கு 110 கிராம் தின்கிற கோழிக்கு அது மூன்றரை, நான்கு சதவீதம். இதில் இன்னொரு சிக்கல், முட்டைக்கு ஓடு கட்டுகிற வேலை இருபது மணி நேரம் போல நடக்கிறது, அதில் பெரும்பகுதி இரவில், கோழி எதையும் தின்னாமல் தூங்குகிற நேரத்தில். பகலில் தின்ற நைசான சுண்ணாம்புத் தூள் அதற்குள் குடலைத் தாண்டிப் போயிருக்கும். அப்போது கோழி தன் எலும்பின் உள்ளே இதற்கென்றே சேர்த்து வைத்திருக்கிற கால்சியத்தை எடுக்கிறது. பருவத்துக்கு வரும் பெட்டையின் நீள எலும்புகளுக்குள் இப்படி ஒரு சேமிப்பு எலும்பு புதிதாக உருவாகிறது, சேவலுக்கு அது கிடையாது.

இதைச் சமாளிக்க ஆராய்ச்சி சொன்ன வழி ரொம்ப எளிது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ முழுக்க மாவாக்காமல் ஒரு பகுதியைக் குருணையாகக் கொடுத்தால் போதும். குருணை அரைக்கும் இரைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். தனியாக ஒரு தட்டில் கிளிஞ்சல் வைத்துப் பாருங்கள், முட்டையிடும் கோழி பிற்பகலுக்கு மேல் அதைத் தேடிப் போய்த் தின்னும். காலையில் அவ்வளவாகத் தொடாது. எப்போது வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது.

ஆனால் இதே கால்சியம் வளரும் குஞ்சுக்கு ஆகாது. முட்டைக்கோழித் தீவனத்தைச் சின்னக் குஞ்சுகளுக்குத் தொடர்ந்து போட்டால் அவற்றின் சிறுநீரகம் தாங்காது, உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைப் பொடி தூவியது மாதிரி யூரிக் அமில உப்பு படிந்து செத்துப்போகும். அறுத்துப் பார்க்காதவர்கள் அதையும் ஏதோ காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள். சித்திரை, வைகாசியில் ஓடு மெலிந்துபோவதும் நோய் இல்லை. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் பைகார்பனேட் குறைகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட், அந்தக் கார்பனேட்டுக்கே பஞ்சம் வந்துவிடுகிறது. இதோடு வெயிலில் தீவனமும் குறைவாகத்தான் எடுக்கும். அதனால்தான் கோடையில் விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் போடச் சொல்கிறார்கள்.

காடைக்கு வருகிறேன். இந்தியாவுக்கு ஜப்பானியக் காடை 1974-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வந்தது, பிறகு உத்தரப் பிரதேசத்து இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தில் அதை வைத்து நிறைய ஆராய்ச்சி நடந்தது, நம் பக்கத்தில் நாமக்கல் காடை என்றே ஓர் இனத்தை உருவாக்கினார்கள். 17, 18 நாளில் பொரிந்து, ஆறேழு வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும் பறவை இது. அடுத்த தலைமுறையைப் பார்க்க மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டாம், தின்பதும் நாளைக்கு 20, 25 கிராம்தான். தீவன ஆராய்ச்சிக் கூடங்களில் அதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

காடை என்பது சின்னக் கோழி இல்லை. முதல் முறை நான் காடைக்குஞ்சு வாங்கியபோது இந்தத் தப்பைத்தான் செய்தேன், கையில் இருந்த முட்டைக்கோழி மாவையே போட்டேன், முதல் வாரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிகிறது. பொரிக்கும்போது ஏழெட்டு கிராம் இருக்கிற குஞ்சு ஐந்து வாரத்தில் அதைப்போல இருபது மடங்கு எடைக்கு வர வேண்டும். அதற்குத் தீவனத்தில் குறைந்தது 24 சதவீதம் புரதம் வேண்டும், முட்டைக்கோழித் தீவனத்தில் இருப்பது 16, 17. துகளும் அதன் அலகுக்கு ஏற்றபடி சன்னமாக இருக்க வேண்டும். காடைத் தீவனம் கிடைக்காத ஊரில் கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தை இன்னும் பொடியாக அரைத்துப் போடுவது எவ்வளவோ மேல். முட்டைக்கு வந்த பிறகும் அதன் உழைப்பைப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ கோழி 55 கிராம் முட்டை இடுகிறது, உடம்பு எடையில் நாலு சதவீதம்கூட இல்லை. 150 கிராம் காடை 11 கிராம் முட்டை இடுகிறது, அது ஏழு சதவீதத்துக்கு மேல். அந்த உடம்பில் எந்தச் சத்துக் குறைந்தாலும் கோழியைவிட வேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் இல்லாததால் வந்த நோய்கள். இருக்கக்கூடாதது இருந்ததால் வந்த ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. எந்தக் கிருமியும் அகப்படவில்லை, அதனால் பெயரே வைக்க முடியாமல் "வான்கோழி எக்ஸ் நோய்" என்றார்கள். செத்த இடங்களையெல்லாம் இணைத்தது ஒரே ஒரு பொருள், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்த பூஞ்சணம் விட்டுப்போன நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயர் வந்தது. அது கல்லீரலைத் தாக்கும், மனிதருக்குப் புற்றுநோயையும் தரும். கோழிகள் வான்கோழி, வாத்து அளவுக்கு உடனே சாவதில்லை, அதுதான் ஆபத்து. குறைந்த அளவில் இருந்தால் எடை ஏறாது, முட்டை குறையும், தடுப்பூசி போட்டும் எதிர்ப்புச் சக்தி சரியாக வராது, நாம் தடுப்பூசியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வெயிலில் காயவைத்துப் புடைத்தெடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பச்சை நிறம் போய்விடும், நஞ்சு போகாது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஈரத்தோடு அறுத்து அரைகுறையாகக் காய்ந்த மக்காச்சோளம் வருகிற மாதங்களில் சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன மாதிரிகளைச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது.

ஆன்டிபயாட்டிக் தீவனத்துக்குள் நுழைந்ததும் ஒரு சத்தைத் தேடிப் போன வழியில்தான். செடிகொடிகளில் பி12 கிடையாது, அதனால் மலிவாக பி12 எங்கே கிடைக்கும் என்று 1948-ல் அமெரிக்காவில் தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானி, ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்த பிறகு மிஞ்சிய கசடைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார். பி12 மட்டும் கொடுத்த குஞ்சுகளைவிட அவை வேகமாக வளர்ந்தன. கசடில் ஒட்டியிருந்த ஆன்டிபயாட்டிக்தான் காரணம். நோய் இல்லாத கோழிக்கும் தினமும் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக் போடும் வழக்கம் அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பின்னாலேயே வந்தன. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் அடியோடு நிறுத்தியது. மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க இந்தியா 2019-ல்தான் தடை போட்டது. என்னைக் கேட்டால் இந்தத் தடை பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

கறிக்கோழி 42 நாளில் இவ்வளவு வளர்வதற்கு ஹார்மோன் ஊசிதான் காரணம் என்று இன்னும் பேசுகிறார்கள். 2003-ல் வட கரோலினாவில் ஹேவன்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். 1957-ல் இருந்த இனத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள், அதையும் 2001-ன் கறிக்கோழி இனத்தையும் எடுத்து, இரண்டுக்கும் அந்தக் காலத் தீவனம், இந்தக் காலத் தீவனம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பழைய இனம் பழைய தீவனத்தில் 42 நாளில் 539 கிராம். புது இனம் புதுத் தீவனத்தில் 2,672 கிராம். இந்த வித்தியாசத்தில் 85 முதல் 90 சதவீதம் இனத்தேர்வால் வந்தது, தீவனத்தின் பங்கு 10 முதல் 15 சதவீதம் என்று முடிவுசெய்தார்கள். தீவனத்தின் பங்கு இவ்வளவு குறைவா என்று தோன்றும். ஆனால் அந்தப் பழைய தீவனமும் சத்துக் கணக்குப் பார்த்துக் கலந்ததுதான், தயமினும் வைட்டமின் டி-யும் வைட்டமின் கே-யும் அதற்கு முன்பே கண்டுபிடித்தாகிவிட்டது.

அதனால் அடுத்த முறை தீவனம் வாங்கும்போது விலைக்கு முன்னால் லேபிளில் எந்தப் பறவைக்கு, எந்த வயதுக்கு என்பதைப் பாருங்கள், அப்புறம் தயாரித்த தேதியைப் பாருங்கள். வைட்டமின் ஏ-யும் ஈ-யும் நம் ஊர் வெக்கையில் மூட்டைக்குள்ளேயே நாளாக ஆகக் குறைந்துகொண்டு போகும், அதனால் பழைய சரக்கை விலை குறைத்துக் கொடுத்தாலும் குஞ்சுகளுக்கு வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மூட்டையைத் தரையில் வைக்காமல், சுவரில் சாய்க்காமல் பலகை மேல் ஏற்றுங்கள். வாயைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடையோ மண் ஈரம் மாதிரி வாடையோ அடித்தால் கோழிக்குப் போடாமல் அன்றைக்கே கடைக்குத் திருப்பிவிடுங்கள்.